தட்டிப் பேசிய தவிட்டுக்குருவி

ஓடைக்கரைப் புளியமரத்தில் தவிட்டுக்குருவிகள் கூட்டமாய்க் குடியிருந்தன. பொழுது விடிந்தால் கத்தும். இரை கிடைத்தால் கத்தும், கிடைக்காவிட்டால் இன்னும் கத்தும். ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்பது என்ற பழக்கமே அங்கே கிடையாது. எல்லாம் சேர்ந்தே பேசும். பிறகு, "நான் சொன்னதை ஒருத்தரும் காதுல வாங்கலையே!" என்று எல்லாம் சேர்ந்தே சண்டை போடும்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பதுதான் அவர்களுக்குப் பிடித்த பழமொழி.

அந்தக் கூட்டத்தில் அத்தாயி என்றொரு தாய்க்குருவி. கவலைப்படுவதற்கென்றே பிறந்தவள். காற்றடித்தால் கூடு விழுந்துவிடுமோ என்பாள். காற்றடிக்காவிட்டால், ஏன் அடிக்கவில்லை என்பாள். அவளுக்கு ஒரே குஞ்சு. பேர் குன்னி.

குன்னிக்குச் சிறகு முளைத்தது. வால் முளைத்தது. பேச்சு மட்டும் வரவில்லை.

சந்தோஷம் வந்தால் குன்னி இரண்டு சிறகையும் படபடவென்று அடிப்பாள். ஓடைத் தண்ணீரில் வெயில் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பாள். அலகால் மரப்பட்டையைத் தட்டுவாள். சில நேரம் மெதுவாக, டொக்... டொக். சில நேரம் வேகமாக, டொக்டொக்டொக்!

"மரங்கொத்தி முட்டையைத் தப்பா அடைகாத்துட்டியா புள்ள?" என்று கேட்டாள் பக்கத்துக் கிளைக் கருக்காயி. "எம் பையன் வெடியன் முட்டைக்குள்ள இருக்கும்போதே பேசினவன்!"

"முட்டைக்குள்ள என்னக்கா பேசினான்?"

"'சீக்கிரம் உடை, புழுங்குது'ன்னான்!"

அத்தாயிக்குச் சிரிப்பு வரவில்லை. அடைகாத்த வயிறு எரிந்தது.

அந்தக் கூட்டத்தில் அந்திக் கூவல் என்று ஒரு வழக்கம் இருந்தது. பொழுது சாயும்போது எல்லாரும் ஒரே கிளையில் தோளோடு தோள் ஒட்டி உட்கார வேண்டும். கூட்டத்துக்குப் பெரியவரான பட்டக்காரர் ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். பேருக்குரியவர், "இருக்கேன்! நல்லா இருக்கேன்!" என்று கூவ வேண்டும். கூவல் வந்தால் அந்தப் பேரைப் பற்றிய கவலை அன்றைக்குத் தீர்ந்தது. வராவிட்டால் கூட்டம் முழுக்கத் தேடக் கிளம்பும். காட்டுப்பூனை உலவுகிற இடத்தில் அது நல்ல வழக்கம்தான்.

ஆனால் குன்னிக்குச் சிறகு முளைத்து, அவள் பேரும் கூவலில் சேர்ந்ததிலிருந்து ஒரு கூத்து நடந்தது.

"குன்னி!" என்பார் பட்டக்காரர். பதில் வராது.

"குன்னியைக் காணோம்! கிளம்புங்க, தேடுங்க!"

கூட்டம் முழுக்கப் பறக்கும். புதர் புதராய்த் தேடும். குன்னி கிளையில் தன் இடத்தில் உட்கார்ந்து, இவர்கள் எல்லாம் எங்கே போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

"ஐயா, இங்கதானுங்க இருக்கறா!" என்று அத்தாயி கத்துவாள்.

"கூவல் வரலையே அம்மிணி! வழக்கம்னு ஒண்ணு இருக்குதில்ல?" என்பார் பட்டக்காரர் மூச்சு வாங்க.

தினமும் இப்படியென்றால் யாருக்குத்தான் பொறுக்கும்? ஒருநாள் பட்டக்காரர் அத்தாயியைக் கூப்பிட்டார்.

"இருக்கற குஞ்சைத் தேடித் தேடி எங்க இறக்கை ஓஞ்சு போச்சு அம்மிணி. மரம் இப்பப் பூத்திருக்குது. இந்தப் பூ உதிர்றதுக்குள்ள உம் மக பதில் சொல்லணும். இல்லைன்னா நீயும் அவளும் அக்கரை வேலமரத்துக்குப் போயிடுங்க."

அக்கரை வேலமரம்! ஒற்றை மரம். அதன் அடியில்தான் காட்டுப்பூனை தண்ணீர் குடிக்க வரும் தடம். அத்தாயிக்கு அன்றிலிருந்து இரை இறங்கவில்லை. மரத்திலிருந்து ஒரு பூ விழுந்தால் நெஞ்சில் கல் விழுந்தது போலிருந்தது.

"ஆலமரத்து மைனா வாத்தியார்கிட்டக் கூட்டிட்டுப் போ. ஊமையையும் பாட வைப்பாராம்!" என்றாள் கருக்காயி. பேச்சில் முள் இருந்தாலும் யோசனை சரியாகத்தான் பட்டது.

மைனா வாத்தியார் சொல்லழகர் ஒரு காலத்தில் ஒரு மாளிகையில் கூண்டில் இருந்தவர். மனிதர்களிடமே பேச்சுக் கற்றவர். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பேசுவார்.

"கவலையை விடுங்கள், அம்மா! சரியாகச் சொன்னால் ஆலம்பழம். சொல்லாவிட்டால் பழம் இல்லை. எனக்கும் இப்படித்தான் கற்றுக்கொடுத்தார்கள். இதோ பாருங்கள், எப்படிப் பேசுகிறேன்!"

பாடம் தொடங்கியது.

"என் கண்ணைப் பார்! தண்ணீரைப் பார்க்காதே! சிறகை அடிக்காதே! மரத்தைத் தட்டாதே! சொல், 'இருக்கேன்'!"

குன்னி கிளையைத் தட்டினாள். பழம் கிடைக்கவில்லை. சிறகை அடித்தாள். பழம் கிடைக்கவில்லை. அலகைக் கிளையில் பரபரவென்று தேய்த்தாள். பழம் மட்டுமல்ல, தண்ணீருக்குப் போகவும் அனுமதி கிடைக்கவில்லை.

"வாத்தியாருங்க, கொஞ்சம் பயப்படறா போலிருக்குதுங்க..." என்று இழுத்தாள் அத்தாயி.

"தாய் இரக்கப்பட்டால் பிள்ளை தேறாது! வீட்டிலும் தட்ட விடாதீர்கள்!"

அத்தாயி வீட்டிலும் தட்ட விடவில்லை. குன்னி தட்டும்போதெல்லாம் தன் சிறகைக் குறுக்கே வைத்து மறைத்தாள். மனம் கேட்கவில்லைதான். ஆனால் வேலமரம் கண் முன்னால் நின்றதே!

கொஞ்ச நாளில் அந்த அதிசயம் நடந்தது. பட்டக்காரர், "குன்னி!" என்றார்.

"இருக்கேன்! நல்லா இருக்கேன்!"

கூட்டமே ஆரவாரம் செய்தது. "பேசிட்டா! பேசிட்டா!" பட்டக்காரர் மகிழ்ந்துபோய்க் குன்னிக்கு வரிசையின் நட்டநடுவில் இடம் கொடுத்தார். நடு இடம் என்றால் கதகதப்பு, காவல், மதிப்பு எல்லாம் சேர்ந்தது. அத்தாயி கண்ணீர் விட்டாள். கருக்காயியைத் திரும்பிப் பார்க்கவும் மறக்கவில்லை.

அதற்குப் பிறகு குன்னி சிறகை அடிக்கவில்லை. தட்டவுமில்லை. நடுவில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது அவள் இறகு குத்திட்டு நிற்கும். இரைக்கு வாயைத் திறப்பதும் குறைந்தது. அத்தாயி, "பசிக்குதா கண்ணு? குன்னி?" என்று கேட்பாள். தன் பேரைக் கேட்டதும் குன்னி, "இருக்கேன்! நல்லா இருக்கேன்!" என்பாள். நன்றாக இருப்பதாய்ச் சொல்கிற பிள்ளையைப் பற்றி எப்படிக் கவலைப்படுவது என்று அத்தாயிக்கே தெரியவில்லை.

ஒரு மாலை. வரிசை கூடியது. நடுவில் ஒரு இடம் காலியாகக் கிடந்தது. பக்கத்துக் குருவிகள், "அப்பாடா, தாராளம்!" என்று நகர்ந்து அதை நிரப்பிவிட்டன.

அத்தாயி பார்த்தாள். "குன்னியைக் காணோமுங்க! ஐயா, எம் மகளைக் காணோம்!"

"பொறு அம்மிணி. பேர் வரட்டும்." பட்டக்காரர் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு வந்தார். "குன்னி!"

எங்கோ தூரத்திலிருந்து மெலிதாகக் குரல் வந்தது. "இருக்கேன்! நல்லா இருக்கேன்!"

"கேட்டுச்சா? நல்லா இருக்கறாளாம். அடுத்து, வெடியன்!"

"ஐயா, கிளையில இல்லீங்க! குரல் ஓடைப் பக்கம் இருந்து வருதுங்க!"

"கூவல் வந்துடுச்சே புள்ள!" என்றாள் கருக்காயி. "கூவல் வரலைன்னாலும் அழற, வந்தாலும் அழற. உனக்கு என்னதான் வேணும்?"

கூவல் வந்த பேரைத் தேடுகிற வழக்கம் அங்கே இல்லை. ஒருவரும் அசையவில்லை. அத்தாயி மட்டும் பறந்தாள்.

வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. ஓடைக்கரை முழுக்க முட்புதர்.

"குன்னி! எங்கடி இருக்க?"

"இருக்கேன்! நல்லா இருக்கேன்!"

"குன்னி! அடிபட்டுச்சா கண்ணு?"

"நல்லா இருக்கேன்!"

குரல் வந்த திசையில் இலந்தைப் புதர் ஒன்று இருந்தது. அதில் கிழிந்த மீன்வலைத் துண்டு சிக்கியிருந்தது. அதன் நூலில் ஒரு கால் மாட்டி, குன்னி தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தாள். கண் இரண்டும் பயத்தில் விரிந்திருந்தன. அம்மாவைப் பார்த்ததும் அலகு நடுங்க, "நல்லா இருக்கேன்!" என்றாள்.

அத்தாயி பாய்ந்து போய் நூலை இழுத்தாள். இன்னும் இறுகியது. "யாராவது வாங்களேன்! எம் புள்ள போயிடும்!" என்று கதறினாள்.

விர்ரென்று ஒரு கறுப்பு உருவம் வந்தது. ரெட்டைவாலி என்ற கரிச்சான் குருவி அவள். சின்ன வயசுக்காரி. பகலெல்லாம் மாட்டு முதுகில் சவாரி செய்து பூச்சி பிடிப்பாள். எல்லாப் பறவையும் அடைந்த பிறகுதான் தன் மரத்துக்குப் போவாள். வல்லூறு போலவும் கூவுவாள், கிளி போலவும் கத்துவாள். காட்டில் அவளுக்குத் தெரியாத பாஷை இல்லை.

"இழுக்காதீங்கக்கா! இழுத்தா இறுகும்!" ரெட்டைவாலி வளைந்த அலகால் நூலை நறுக் நறுக்கென்று கடித்தாள். குன்னி அத்தாயியின் சிறகுக்குள் விழுந்தாள்.

"ஏக்கா, தலைகீழாத் தொங்கிட்டு 'நல்லா இருக்கேன்'னு சொல்லுதே, இது என்ன பொய்?"

"பொய் சொல்லத் தெரியாதும்மிணி அவளுக்கு," என்று அத்தாயி விம்மினாள். "அவளுக்குச் சொல்லிக் குடுத்ததே அது ஒண்ணுதான்."

மறுநாளிலிருந்து குன்னி அதையும் சொல்லவில்லை. வாயே திறக்கவில்லை. பட்டக்காரர் நடு இடத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார். "பூ இன்னும் கொஞ்சம் இருக்குது அம்மிணி," என்று மரத்தைக் காட்டிவிட்டுப் போனார்.

அத்தாயி ரெட்டைவாலியிடம் ஓடினாள். "எல்லாப் பாஷையும் தெரிஞ்சவ நீ. எம் மகளுக்குப் பேச்சுச் சொல்லிக் குடும்மிணி! அவசரம்!"

ரெட்டைவாலி வந்தாள். குன்னி உட்கார்ந்திருந்த ஓடைக்கரைப் பாறைக்குப் பக்கத்தில் ஒரு கட்டையில் உட்கார்ந்தாள். தண்ணீரைப் பார்த்தாள். சும்மா இருந்தாள். வெகு நேரம் சும்மாவே இருந்தாள்.

அத்தாயி குறுக்கும் நெடுக்கும் தத்தினாள். "பாடம் எப்பம்மிணி ஆரம்பிக்கும்?"

"ஆரம்பிச்சு ரொம்ப நேரமாச்சே!"

"நீ ஒண்ணுமே சொல்லலையே?"

"நான் கேட்டுட்டு இருக்கேன்க்கா. அவ இன்னும் ஒண்ணும் சொல்லலை."

அன்றைக்கும் ஒன்றும் நடக்கவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. பிறகு ஒரு காலை வெயிலில் குன்னி மெதுவாகத் தட்டினாள். டொக்... டொக்.

அத்தாயி பழக்க தோஷத்தில் சிறகை விரித்துக்கொண்டு மறைக்க ஓடினாள். "விடுங்கக்கா!" என்றாள் ரெட்டைவாலி. பறந்துபோய் ஒரு வெட்டுக்கிளியைப் பிடித்து வந்து குன்னி முன்னால் வைத்தாள். "இதுவா கேட்ட?"

குன்னி அலகைப் பாறையில் பரபரவென்று தேய்த்தாள். வெட்டுக்கிளி அப்படியே கிடந்தது. மறுபடி, டொக்... டொக்.

"நான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன் போலிருக்கே!" என்று ரெட்டைவாலி தலையைச் சாய்த்தாள். வெயிலைப் பார்த்தாள். தன் நிழலைப் பார்த்தாள். நிழல் தண்ணீரில் விழுந்து, குன்னி பார்த்துக்கொண்டிருந்த வெளிச்சத்தை மறைத்திருந்தது.

"அட! நகரச் சொல்றியா?" ரெட்டைவாலி தள்ளி உட்கார்ந்தாள்.

தண்ணீரில் வெயில் மறுபடி ஆடியது. குன்னி இரண்டு சிறகையும் படபடவென்று அடித்தாள். எத்தனை நாள் கழித்து!

"பார்த்தீங்களாக்கா? 'நகரு'ன்னா. நகர்ந்தேன். எவ்வளவு அழகா ஒரு பேச்சு நடந்துச்சு!"

அத்தாயிக்குச் சுருக்கென்றது. "முதல் பேச்சே நகருன்னா? அம்மான்னு சொல்லக் கூடாதா?"

"அம்மாங்கிற சொல்லு உங்களுக்கு வேணும். அவளுக்கு இப்ப வெளிச்சம் வேணும். பேசறது அவதானேக்கா?"

அத்தாயி கோபித்துக்கொண்டு போய் ஒரு புழு தின்றாள். தின்றுகொண்டே யோசித்தாள். அந்த மெதுவான தட்டலை அவள் கூட்டிலேயே கேட்டிருக்கிறாள். தன் உடம்பால் குஞ்சை அழுத்திக்கொண்டு தூங்கும்போதெல்லாம் அது கேட்டிருக்கிறது. அலகைத் தேய்ப்பதையும் பார்த்திருக்கிறாள். அலகைச் சுத்தம் செய்கிறாள் என்றல்லவா நினைத்தாள்! 'வேண்டாம்' என்று சொன்ன வாயிலேயே எத்தனை புழுவைத் திணித்திருப்பாள்!

திரும்பி வந்தாள். "வேகமாத் தட்டுவாளே, அதுக்கு என்ன அர்த்தமம்மிணி?"

"எனக்கென்ன தெரியும்? நீங்கதான் அம்மா. எப்பல்லாம் தட்டுவா?"

அத்தாயி யோசித்தாள். "நான் இரை தேடிப் பறக்கறப்போ. இடி இடிக்கறப்போ. பெரிய பூச்சி ஒண்ணு கூட்டுக்குள்ள வந்துச்சு, அப்போ..." சட்டென்று குன்னியைத் திரும்பிப் பார்த்தாள். "'வா'ங்கறா! என்னைத்தான் கூப்பிட்டிருக்கறா!"

அன்று முதல் வீட்டுப்பாடம் அத்தாயிக்குத்தான். குன்னி தட்டுவது போலத் தட்டிப் பழகினாள். தாளம் தப்பியது. அலகு வலித்தது. குன்னி அவள் தட்டலைக் கேட்டுவிட்டு, தலையை ஆட்டி, திருப்பித் தட்டிக் காட்டுவாள்.

"அம்மாவுக்கு மண்டையில ஏறலையாம்!" என்று ரெட்டைவாலி சிரித்தாள்.

"சிரிக்காதம்மிணி. பயமா இருக்குது. இதுக்கே பழகிட்டா வாய்ப்பேச்சு வராமலே போயிடுமோ?"

"வரலாம், வராமலும் போகலாம். வந்தா அதையும் சந்தோஷமாக் கேட்போம். அதுவரைக்கும் இருக்கற பேச்சை எதுக்குப் பூட்டி வைக்கணும்?"

ஒருநாள் மைனா வாத்தியார் கோபமாக வந்து இறங்கினார். "என் மாணவியைக் கெடுத்துவிட்டீர்களாமே! தட்டுவதெல்லாம் பேச்சா? குன்னி, என் கண்ணைப் பார்! சொல், 'இருக்கேன்'!" ஒரு ஆலம்பழத்தை நீட்டினார்.

குன்னி பாறையில் அலகைத் தேய்த்தாள். தேய்த்துவிட்டு அம்மாவைப் பார்த்தாள்.

அத்தாயி தயங்கினாள். பெரிய வாத்தியார். மரத்தில் பூவும் குறைந்துவிட்டது. இருந்தாலும் சொன்னாள். "வேண்டாங்கறாளுங்க. பழத்தை எடுத்துக்குங்க."

"என்ன!"

"வாத்தியாரே," என்றாள் ரெட்டைவாலி, "கோவிச்சுக்காம ஒண்ணு சொல்லுங்க. கூண்டுல இருந்தப்போ உங்களுக்கு என்ன பேசச் சொல்லிக் குடுத்தாங்க?"

மைனா நெஞ்சை நிமிர்த்தினார். "'வணக்கம்! வாங்க, உட்காருங்க!' எவ்வளவு தெளிவாகச் சொல்வேன் தெரியுமா!"

"நீங்க என்ன சொல்ல நினைச்சீங்க?"

மைனாவின் நிமிர்ந்த நெஞ்சு கொஞ்சம் தாழ்ந்தது.

"கதவைத் திற," என்றார் மெல்ல. "அதை யாரும் சொல்லித் தரவில்லை."

பழத்தைப் பாறையில் வைத்துவிட்டு, பறந்துபோனார்.

புளியமரத்தில் கடைசிப் பூவும் உதிர்ந்தது. அன்று மாலை வரிசையில் யாரும் சண்டை போடவில்லை. எல்லாரும் வேடிக்கை பார்க்கக் காத்திருந்தார்கள். குன்னி இரண்டு பெரிய குருவிகளுக்கு நடுவே நசுங்கி உட்கார்ந்திருந்தாள்.

"குன்னி!" என்றார் பட்டக்காரர்.

டொக்! தெளிவாக ஒரே தட்டு. அந்தப் பதிலைக் குன்னியே தேர்ந்தெடுத்திருந்தாள்.

"கூவல் வரலை," என்றார் பட்டக்காரர்.

"வந்துச்சுங்க!" அத்தாயி வரிசையை விட்டு முன்னால் தத்தினாள். "இருக்கேன்னு சொன்னாளுங்க!"

"தட்டறதெல்லாம் கூவல் ஆயிடுமா அம்மிணி? வழக்கம்னு ஒண்ணு..."

"வழக்கம் எதுக்குங்க? நாம நல்லா இருக்கமான்னு தெரிஞ்சுக்கத்தானுங்களே? இவ இதே கிளையில உட்கார்ந்திருந்தா. வாயில வரலைன்னு ஊரெல்லாம் தேடினீங்க. அன்னிக்கு முள்ளுல தலைகீழாத் தொங்கினா. வாயில வந்துச்சுன்னு நிம்மதியாத் தூங்கப் போயிட்டீங்க! வாய் சொன்னது பொய்யி. இந்தத் தட்டு சொல்றது நிஜம். இதுல எது வேணுமுங்க உங்களுக்கு?"

கூட்டத்தில் சத்தமே இல்லை. அந்தப் புளியமரம் அப்படி ஒரு அமைதியைக் கண்டதே கிடையாது. அத்தாயிக்கே பயம் வந்துவிட்டது. இவ்வளவு பேசிவிட்டோமே, இனி வேலமரம்தான் என்று நினைத்தாள்.

பட்டக்காரர் வெகு நேரம் கழுத்தைச் சொறிந்தார். பிறகு, "குன்னி!" என்றார் மறுபடியும்.

டொக்!

"இருக்கறா," என்றார் அவர். "சரி. நல்லா இருக்கியா அம்மிணி?"

குன்னி அலகைக் கிளையில் பரபரவென்று தேய்த்தாள்.

"இதுக்கு என்ன அர்த்தம்?"

அத்தாயி மறைக்காமல் சொன்னாள். "நல்லா இல்லையாமுங்க."

"என்னது! நல்லா இல்லையா! ஏன்?"

டொக்... டொக். டொக்... டொக்.

"நசுங்குதாம். நகரணுமாம்."

"அட, இவ்வளவுதானா! மறுபடி நட்டநடு இடத்தையே குடுக்கறேன் வா!"

பரபரவென்று அலகைத் தேய்த்தாள் குன்னி.

"நடு இடமே வேண்டாங்குதா!" என்று கருக்காயி வாயைப் பிளந்தாள். "அதுக்காக எத்தனை பேர் தவம் கிடக்கறோம்!"

குன்னி யாரையும் பார்க்கவில்லை. தத்தித் தத்திக் கிளை அடிமரத்தோடு சேரும் இடத்துக்குப் போனாள். ஒரு பக்கம் மரம் சுவராக நின்றது. வரிசைக்கும் தனக்கும் நடுவே ஒரு சிறகு அகலம் இடம் விட்டு உட்கார்ந்தாள். குத்திட்டு நின்ற இறகெல்லாம் மெல்லப் படிந்தது. சிறகைப் படபடவென்று அடித்தாள்.

அந்த நடு இடத்துக்காக அத்தாயி எவ்வளவு அழுதிருக்கிறாள்! மகளை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவ்வளவு அழுகை மிச்சமாகியிருக்கும்.

"போகட்டும்," என்றார் பட்டக்காரர். "அது அவ இடம். இனி அவ தட்டினா அது கூவல்தான். எல்லாரும் அர்த்தத்தைப் படிச்சு வச்சுக்குங்க. அடுத்து, வெடியன்!"

"இருக்கேன்!" என்றான் வெடியன். கொஞ்சம் தயங்கினான். "ஆனா நல்லா இல்லை. நாலு நாளா வயிறு வலிக்குது!"

"ஏண்டா, இத்தனை நாளா ஏன் சொல்லலை?" என்று பதறினாள் கருக்காயி.

"'நல்லா இருக்கேன்'னு தானே கூவச் சொல்லிக் குடுத்த?"

"அவனுக்கு மட்டுமா? எனக்கும் றெக்கையில சுளுக்கு!" என்றது ஒரு குருவி.

"எம் பக்கத்துல இருக்கறவன் குறட்டை விடறான்!" என்றது இன்னொன்று.

"அட, எனக்கே கால்ல முள்ளு ஏறி வாரமாச்சு!" என்று பட்டக்காரரே காலைத் தூக்கிக் காட்டினார். எல்லாம் சேர்ந்து கத்தின. ஆனால் அன்றைக்கு ஒருவர் சொன்னதை இன்னொருவர் கேட்டார். முள் எடுத்தார்கள். சுளுக்கு நீவினார்கள். கூவல் முடிவதற்கு நிலா வந்துவிட்டது.

அந்தச் சந்தடியில், அடிமரத்துப் பக்கமிருந்து அத்தாயிக்கு மட்டும் கேட்டது. டொக்டொக்டொக்!

அத்தாயி விழுந்தடித்துக்கொண்டு போய் மகளை ஒட்டி உட்கார்ந்தாள்.

டொக்... டொக்.

"சரி சரி, நகர்ந்துட்டேன்!" என்று சிரித்துக்கொண்டே ஒரு சிறகு அகலம் தள்ளி உட்கார்ந்தாள். அன்றைக்கு அவளுக்குக் கவலைப்பட ஒன்றுமே அகப்படவில்லை. அது ஒன்றுதான் கொஞ்சம் கவலையாக இருந்தது.

நீதி: பிள்ளைக்கு நம் பேச்சைக் கற்றுக்கொடுக்கும் முன், பிள்ளையின் பேச்சைக் கேட்க நாம் கற்றுக்கொள்ள வேண்டும்.